காதின் பின்பக்கம்

கண்ணாடி மூன்றாவது தடவையும் விழுந்தது.

முதல் தடவை விழுந்தபோது பௌசியா ராத்தா சிரித்தார். இரண்டாவது தடவை, "மூக்கு வேர்த்திரிக்கி, அதுதான்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை சிரிப்பும் இல்லை, துடைப்பும் இல்லை. பாயில் கிடந்த கண்ணாடியைக் கையால் தடவித் தடவித் தேடினார். அது அவருடைய முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளித்தான் கிடந்தது. எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

சென்ற இதழில் என் முதல் கொம்பியூட்டர் வந்த கதையைச் சொல்லிவிட்டு, அடுத்தது என் கலியாணம் என்று எழுதியிருந்தேன். கலியாணக் கதை எங்கேயும் ஓடிவிடாது. இந்தக் காதை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன்.

ராத்தாவின் வலது பக்கத்தில் நான் ஒட்டியிருந்தது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் காது. கொழும்பில் முப்பரிமாண மெஷினில் அச்சடித்து, அன்று காலை பஸ்ஸில் வந்தது. மதுரங்குளிச் சந்தியில் நின்று கொண்டக்டரின் கையிலிருந்து பார்சலை வாங்கி, நேரே அவர் வீட்டுக்கு வந்திருந்தேன். அது மாதிரிக் காதுதான். சரியாகப் பொருந்தினால் அதை வைத்து அச்செடுத்து, தோல் நிறத்தில் சிலிக்கன் காது வார்ப்பார்கள்.

அதைச் செய்தது நான். கொம்பியூட்டரில், கோடு கோடாக, பத்து நாள் இருந்து செய்தது. ஒட்டியும் அது ஆடியது, அதன் மேல் கண்ணாடிக் கால் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

ஒரு கை கண்ணாடிக்கு

பௌசியா ராத்தா எங்கள் குடியேற்றத்தில் துணி வெட்டுவதில் முதல் ஆள். அபாயா என்றால் அபாயா, பெருநாள் சட்டை என்றால் சட்டை. அளவு எடுத்தால் இரண்டாவது தடவை போட்டுப் பார்க்கத் தேவையில்லை. அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. எனக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு, அதனால்தான் ராத்தா, அக்கா என்கிற முறை.

மன்னாரிலிருந்து வந்து அகதி முகாமில் இருந்த காலத்தில் கிடுகுக் கொட்டில்களில் தீப்பிடித்தது. ராத்தா அப்போது சின்னப் பிள்ளை. வலது காது அந்தத் தீயில் போனது. காது போனாலும் கேட்கும். பர்தா போட்டால் வெளியே ஒருவருக்கும் தெரியாது. அப்படியே வளர்ந்து, கலியாணம் முடித்து, தையலும் பழகிவிட்டார்.

வினை கண்ணில் வந்தது. பார்வை குறைந்து, சோடாப் போத்தலின் அடிபோலத் தடித்த கண்ணாடி போடவேண்டி வந்தது. கண்ணாடிக்கு இரண்டு காது வேண்டும். நாடா கட்டிப் பார்த்தார். நாடா தீக்காயத் தழும்பில் உரசிப் புண்ணாக்கியது. புண் ஆறும், மறுபடி கட்டுவார், மறுபடி உடையும். இனி அந்த இடத்தில் எதையும் கட்டக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால் எப்போதும் ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருப்பார். மிச்சம் இருப்பது ஒரு கை. ஒரு கையால் பாண் வெட்டலாம், கறி ஆக்கலாம். மெஷினில் துணி தள்ள முடியாது. இரண்டு வருடமாக அந்தத் தையல் மெஷின் மூலையில் துணி மூடிக் கிடந்தது. மையித்தை வெள்ளைத் துணியால மூடிவைத்தமாதிரி இரிக்கி என்று ஒரு நாள் அவரே சொன்னார்.

பிளாஸ்டிக் காது வந்த அன்று புதன்கிழமை. சிலிக்கன் வார்க்கிற சமந்த மறுநாள் காலை வருவதாக இருந்தது. எங்கள் ஊர் மண்டபத்தில் ஒரு நாள் செயற்கை உறுப்பு முகாம். அதை முடித்துக்கொண்டு அவர் வெளிநாடு போகிறார், திரும்பி வர வருடங்கள் ஆகும். வியாழக்கிழமை காது பொருந்தாவிட்டால் பௌசியா ராத்தாவுக்குக் காது இல்லை. காது இல்லாவிட்டால் தையல் இல்லை.

"சின்னக் குறைதான் ராத்தா, சரி பண்ணிக்கிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். என்ன குறை என்று எனக்கே தெரியாது. நடையில் ஒரு அவசரம் வந்துவிட்டது. பின்னால் அவர், "ஆறுதலாப் போ புள்ள" என்று சொன்னது கேட்டது.

செருப்புச் செய்த கை

இந்தத் தொடரை வாசிக்கும் சிலர், நீ செய்த வேலைதான் என்ன, விளங்கவில்லையே என்று கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் பிழையும் விளங்காது.

கொம்பியூட்டருக்குள் ஒரு பொருளைச் செய்ய, முதலில் தட்டையான சின்னக் கட்டங்களால் ஒரு முரட்டு உருவம் கட்டுவோம். புள்ளிகள், புள்ளிகளை இணைக்கும் கோடுகள், கோடுகளுக்கு நடுவே கட்டங்கள். அதற்கு மெஷ் என்று பெயர். பிறகு வழுவழுப்பாக்கு என்று கட்டளை கொடுப்போம். கொம்பியூட்டர் ஒவ்வொரு கட்டத்தையும் நான்காகப் பிரிக்கும், அதை மறுபடி நான்காகப் பிரிக்கும். பிரிக்கும்போதெல்லாம் மூலைகளை உள்ளே இழுத்து உருட்டும். நாலைந்து சுற்றில் முரட்டுப் பெட்டி கூழாங்கல் ஆகிவிடும்.

கேட்க இலேசு. ஆனால் கட்டங்களுக்கு நான்கு பக்கம் இருக்க வேண்டும். உப்பளம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பாத்திகள் நாற்சதுரமாக ஓடினால் ஒரு வரம்பில் ஏறியவர் நேரே மறுமுனைக்கு நடந்துவிடலாம். நடுவில் ஒருவர் முக்கோணப் பாத்தி கட்டினால் வரம்பு முட்டி நிற்கும். மெஷ்ஷில் அப்படி முட்டிய இடம் வழுவழுப்பாகாது, யாரோ கிள்ளிவிட்டதுபோலச் சுருங்கி நிற்கும்.

கூர்மையான மடிப்பு வேண்டுமென்றால் மடிப்பை ஒட்டி இரண்டு பக்கமும் இன்னொரு கோடு ஓடவேண்டும். ஓடாவிட்டால் கொம்பியூட்டர் மடிப்பையும் சேர்த்து உருட்டித் தின்றுவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. வழக்கமாக ஒரு புள்ளியில் நான்கு கோடுகள் சந்திக்கும். காதுபோல் சுருண்டு வளைந்த ஒன்றில் எங்கேயாவது ஐந்து கோடுகள் சந்தித்தே தீரும். அந்தப் புள்ளியில் மேற்பரப்பு கொஞ்சம் முண்டும். அதை ஒழித்துக்கட்ட முடியாது. இங்கிருந்து விரட்டினால் அங்கே போய் உட்காரும். எங்கே உட்காரட்டும் என்று முடிவு செய்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்குச் கொம்பியூட்டரில் செருப்பும் கதிரையும் செய்து கொடுத்துப் பழகினேன். அங்கே என் வேலையைச் சரிபார்த்த மனிதர் பிழை கண்ட இடமெல்லாம் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார். ஒரு செருப்புக்கு இருபது வட்டம். வாயில் வந்ததையெல்லாம் திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அழுதுகொண்டே திருத்துவேன். ஒரு நாள் வட்டமே இல்லாமல் ஒரு செருப்பு திரும்பி வந்தது. அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. அதுதான் உண்மை.

போதும்

சமந்த சிங்களவர், என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிடுவார். வழக்கமாகக் காதில்லாத இடத்தில் மாவு அப்பி நேரடியாக அச்செடுப்பவர். பழகிய கைக்குத்தான் அது வரும். பௌசியா ராத்தாவோ, ஆண் கை படக்கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சமந்தவிடம் பெண் உதவியாளர் இல்லை. காரியம் அதோடு நின்றிருக்கும். நான்தான் குறுக்கே போனேன்.

"நான் சுத்திவரப் படம் எடுக்கிறன். நல்ல காதை முகக்கண்ணாடியில பாக்கிற மாதிரித் திருப்பி, மற்றப் பக்கத்துக்குப் பொருத்தி, கொம்பியூட்டரிலயே செய்து தாறன்" என்றேன். என் வாய்தான் எனக்கு எப்போதும் எதிரி.

படம் எடுத்தது முந்தைய முகாம் நடந்த மண்டபத்தில். ஒரு திரைச்சேலைக்கு இந்தப் பக்கம் நானும் ராத்தாவும், அந்தப் பக்கம் சமந்தவும் வரிசையில் ஆட்களும். களப்பிலிருந்து வந்த உப்புக் காற்றுக்குத் திரை தூக்கித் தூக்கி அடித்தது. ராத்தா ஒரு கையால் திரையைப் பிடித்துக்கொண்டே பர்தாவைத் தளர்த்தினார். உள்ளே போடும் தொப்பியைக் கழற்றவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு விரல் அளவுக்கு மட்டும் உருட்டித் தள்ளினார். தழும்புப் பக்கத்திலும் அப்படித்தான்.

"இது போதும் தானே?"

போதாது. காதின் பின்பக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து சமந்த, "நங்கி, முடிஞ்சதா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

"போதும் ராத்தா" என்றேன்.

வெளியே வந்ததும் சமந்த கேட்டார், "பின் பக்கம் எல்லாம் எடுத்தது தானே?" நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

தோலில் தையல்

புதன்கிழமை வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரைத் திறந்து, என் மெஷ்ஷைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் நான்கு பக்கக் கட்டங்கள். கோடுகள் காதின் விளிம்போடு வளைந்து, காதின் தொங்கு சதையான சோணைக்கு இறங்கி, அழகாகத் திரும்பின. சிவப்பு வட்டம் போட ஓரிடமும் இல்லை. பிறகு ஏன் விழுகிறது?

மெஷ்ஷை மறைத்துவிட்டு, படங்களிலிருந்து கொம்பியூட்டர் ஒட்டித் தந்த ஆதி உருவத்தைத் திறந்தேன். அதன் மேல் விரித்துத்தான் என் கோடுகளை வரைந்திருந்தேன். காதின் பின்பக்கத்துக்குத் திருப்பினேன். அங்கே மெல்லிய, நேரான ஒரு வரம்பு ஓடியது.

தோலில் நேர்கோடு ஏது?

இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். அது தொப்பியின் தையல் ஓரம். ராத்தா அன்று போட்டிருந்தது தோல் நிறத் தொப்பி. துணி எது, தோல் எது என்று கொம்பியூட்டருக்குத் தெரியவில்லை, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. கண்ணாடிக் கால் போய் உட்காரவேண்டிய பள்ளத்தை உருட்டிய தொப்பி அடைத்துக்கொண்டிருந்தது. நான் அந்தத் தொப்பியைக் காது என்று நினைத்து அதன்மேல் கோடு இழுத்திருக்கிறேன். தழும்புப் பக்கத்தில் துணிக்குக் கீழே என்ன இருந்ததோ, அதையும் தட்டை என்று நானே ஊகித்து வழுவழுப்பாக்கியிருக்கிறேன். மெஷ் அவ்வளவு சுத்தமாக வந்ததில் சந்தேகமே வரவில்லை. ஒரு செருப்புக்கு இப்படிச் செய்திருந்தால் அந்த வெளிநாட்டு மனிதர் கண்டுபிடித்திருப்பார். காதை யார் சரிபார்ப்பது?

சமந்தவுக்கு போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை.

"அப்ப பொய் சொன்னது எதுக்கு நங்கி?"

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், அவர் நேரக் கணக்குக்குப் போய்விட்டார்.

"மெஷின் பிளாஸ்டிக் காத அடிச்சு முடிக்க ராத்திரி முழுக்க எடுக்கும். நான் விடிய மூண்டு மணிக்கு வெளிக்கிடணும். இன்னைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு ஃபைல் வந்தா போடுறேன். ஆறு அஞ்சுக்கு வந்தா போடமாட்டேன். அந்த பௌசியா நோனாட இடத்துக்கு லிஸ்ட்ல வேற ஆள் இருக்கு."

அப்போது நண்பகல் லுஹர் பாங்கு சொல்லி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஐந்து மணித்தியாலம்கூட இல்லை.

எழும்பு, போ

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ராத்தாவின் வீட்டில் நான் கண்டது இதுதான்: மூலையில் மூடிக்கிடந்த மெஷினின் துணியை எடுத்து மடித்து வைத்திருந்தார். ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"வந்திட்டியா? சரியா இப்ப?"

"ராத்தா, பிழை காதில இல்ல. என்னில." நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பி, துணி, பள்ளம், நான் ஆட்டிய தலை.

எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்தார்.

"போதும் எண்டுதானே சொன்னாய்?"

"ஓம்."

"பாத்துச் சொன்னியா, பாக்காமச் சொன்னியா?"

"பாக்காம."

"எழும்பு. போ வீட்ட." நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

போயிருக்க வேண்டும். என் குணம் போகவிடவில்லை. "நீங்க மட்டும் என்னவாம்? விரல் அளவுக்குத் தூக்கிக் காட்டினா நான் என்னத்தப் பாத்துச் செய்யிற? மூடி மூடி வெச்சுக்கிட்டு என்ன மட்டும் ஏசுங்க!" என்று கத்திவிட்டேன். சொல்லி முடிக்குமுன்பே என் முகம் எரிந்தது. இன்றைக்கும் அந்தப் பேச்சை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ராத்தா எண்ணெய் படிந்த விரல்களை மெஷின் துணியில் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "உம்மா மவுத்தாகி அடக்கினதுக்குப் பொறகு அந்தப் பக்கத்த ஒருத்தரும் பாத்ததில்ல. என்ட மனுசன் பதினெட்டு வருசமாக் கேட்டதும் இல்ல, நான் காட்டினதும் இல்ல. ஒனக்குக் காட்டவா சொல்றாய்?"

"ஓம். எனக்குக் காட்டத்தான் வேணும்."

"படம் எடுக்க விடமாட்டன். போன்ல கிடந்து ஆராரோ பாக்கிற வேல எனக்கு வேணாம்."

"எடுக்கல்ல. கண்ணால பாத்து, கையால அளந்து, இஞ்சயே இரிந்து செய்யிறன்."

அப்படி ஒரு காதை யாராவது செய்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன்.

தையல் சோக்

அறைக்கதவைப் பூட்டி, யன்னலையும் சாத்தினார். மடிக்கணினியை மின்சாரத்தில் கொழுவிய சிறிது நேரத்தில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. அறை இருட்டாகிவிட்டது. என் மடிக்கணினிக்கு வயது போய்விட்டது, தன் பலத்தில் இரண்டு மணித்தியாலம் தாங்கினால் பெரிய காரியம்.

"ராத்தா, வெளிச்சம் இல்லாம எனக்கு ஏலா."

அவர் அசையவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்த் தானே யன்னலின் ஒரு கதவைத் திறந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, பர்தாவை எடுத்தார், தொப்பியைக் கழற்றினார்.

தோல் மடிந்து மடிந்து இறுகிப்போயிருந்தது. காது இருந்த இடத்துக்குப் பின்னால் எலும்பின் மேல் தடித்த வரி ஒன்று மேலிருந்து கீழாக ஓடியது. நான் தட்டை என்று நினைத்த இடம் அது. காது ஏன் ஆடியது என்று அப்போதுதான் விளங்கியது.

"பயமா இரிக்கா?"

"இல்ல. கோவமா இரிக்கி."

"ஆரோட?"

"என்னோடதான். ஆடாம இரிங்க."

படம் எடுக்க முடியாது என்றால் தோலிலேயே கோடு போடுவது என்று முடிவு செய்தேன். அவருடைய பெட்டியிலிருந்து, துணியில் கோடு போடும் நீலத் தையல் சோக்கை எடுத்து, தழும்பின் மேல் கட்டம் கட்டமாக வரைந்தேன். கொம்பியூட்டரில் வரும் அதே நான்கு பக்கக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் அவருடைய அளவு நாடாவால் அளந்தேன். மேடு பள்ளத்துக்கு அடிமட்ட ரூலரை மேலே வைத்து, ஈர்க்கில் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். தடித்த வரியின் இரண்டு பக்கமும் நெருக்கமாக ஒவ்வொரு கோடு சேர்த்தேன், இல்லாவிட்டால் கொம்பியூட்டர் அதையும் உருட்டிவிடும். பிறகு நல்ல காதின் பின்பக்கப் பள்ளம், அதற்கும் அதே வேலை. பற்றரிக்காக மடிக்கணினியை அணைத்து வைத்து, அளவுகளைக் கடதாசியில் எழுதினேன். வியர்வையில் சோக் கரைந்து ஓடியது, துடைத்துத் துடைத்து மறுபடி வரைந்தேன். என் கை பட்டபோதெல்லாம் அவர் தோள் இறுகியது. ஒரு தடவையும் நிறுத்து என்று சொல்லவில்லை.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மடிக்கணினியைத் திறந்து, அவர் அளவுகளை வாசிக்க வாசிக்கப் புள்ளிகளை நகர்த்தி, மணி ஐந்தரை போல் மெஷ் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பற்றரி கால்வாசி இருந்தது.

"காட்டு" என்றார் ராத்தா.

கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு திரையோடு மூக்கு உரசக் குனிந்தார். தன் தலையின் பின்பக்கத்தை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். பள்ளத்துக்கு நடுவில் விரலை வைத்தார்.

"இது என்ன, எல்லா இடத்துலயும் நாலு கோடு, இஞ்ச மட்டும் அஞ்சு சேருது?"

"அது எங்கயாவது சேரத்தான் வேணும் ராத்தா. இல்லாட்டி வளைவு வராது."

"டாட் பிடிக்கிற மாதிரியா? தட்டைத் துணிய உடம்புக்கு வளைக்க மடிச்சுத் தைக்கிறமே?"

நான் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தேன். "ஓம். கிட்டத்தட்ட அதேதான்."

"அப்ப ஒனக்கு அறிவு எங்க போச்சு? டாட்ட ஆராவது மேட்டு முனையில கொண்டுபோய் முடிப்பாங்களா? அங்குலம் முந்தி நிப்பாட்ட வேணும், இல்லாட்டி முண்டிக்கிட்டு நிக்கும். இது கண்ணாடிக் கால் அழுத்துற இடம். அதுக்கு அடியில உள்ள தோல்தான் புண் உடையிறது. கீழ இறக்கு, காதுச் சோணைக்குப் பின்னுக்கு. அங்க சத இரிக்கி, தாங்கும்."

சொல்வது சரிதான். ஆனால் அந்த ஒரு புள்ளியைக் கீழே இறக்க, பின்பக்கத்துக் கோடுகளில் பாதியை அறுத்துத் திரும்பவும் ஓடவிட வேண்டும்.

"நேரம் இல்ல ராத்தா. பற்றரியும் இல்ல."

"நேரம் இல்லாட்டி அந்தக் காத நீயே போட்டுக்க."

என்ன செய்ய? அறுத்தேன். அறுத்த இடத்தில் முக்கோணம் விழுந்தது. அதை இழுத்து இன்னொரு கோட்டோடு சேர்த்தேன், வேறு இடத்தில் இன்னொன்று விழுந்தது. விரட்டி விரட்டிக் கீழே கொண்டுபோனேன். ராத்தா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு, "அங்க இல்ல, இன்னும் கீழ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைத் தள்ளிவிட வேண்டும் போலவும் இருந்தது, அவர் எழுந்து போய்விடக்கூடாது என்றும் இருந்தது. ஐந்து கோடுகளும் சோணைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது பற்றரி சிவப்பாகிவிட்டது.

வழுவழுப்பாக்கிப் பார்க்க நேரமில்லை. நல்ல காலத்துக்கு, முரட்டு மெஷ் மிகச் சிறிய ஃபைல், ஒரு போட்டோவைவிடச் சிறியது. வழுவழுப்பாக்குவதைக் கொழும்பில் செய்துகொள்ளலாம். அறைக்குள் சிக்னல் இல்லை. பர்தாவை இழுத்துப் போட்டுக்கொண்டு, திறந்த மடிக்கணினியை நெஞ்சோடு பிடித்தபடி ஒழுங்கை முனைக்கு ஓடினேன். போனோடு இணைத்து அனுப்பினேன். ஃபைல் போய்ச் சேர்ந்த மறுகணம் திரை கறுத்துவிட்டது. போனில் மணி ஆறாக நாலு நிமிடம் இருந்தது. சமந்த ஒரே ஒரு சொல் அனுப்பியிருந்தார்: "சரி."

வியாழக்கிழமை

இரவு முழுக்க நான் நம்பியது எதுவென்றால், பிழை வரும் என்பதைத்தான்.

காலையில் சமந்த ஒரு கடதாசிப் பையை நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே இருந்த புதுப் பிளாஸ்டிக் காதைத் திரைக்குப் பின்னால் நானே ஒட்டினேன். ஆடவில்லை. தடித்த வரி காதின் அடியில் நான் விட்ட பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியைப் போட்டுவிட்டேன். ராத்தா கையை எடுத்தார்.

இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். குனிந்தார். தலையை உலுப்பினார். கண்ணாடி அசையாமல் நின்றது. கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தார், கொண்டுவந்திருந்தது எனக்குத் தெரியாது. இரண்டு கையாலும் நூலைக் கோத்தார். முதல் தடவையிலேயே கோத்துவிட்டார்.

நான் திரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஏன் நங்கி, பிழையா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து சமந்த பதறிக்கொண்டு கேட்டார்.

அன்று பின்னேரம் சிலிக்கன் காது கைக்கு வந்தது. ராத்தா அதை வாங்கியதும் என் மடிக்கணினியைக் காட்டினார்.

"இப்ப அழி."

அவர் கேட்டது நியாயம். ஆனால் அந்த மெஷ் என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே திறமானது. அதைக் காட்டினால் செருப்பும் கதிரையும் செய்வதை விட்டு மேலே போயிருக்கலாம். கடைசித் தடவையாக அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். அவர் பக்கத்திலேயே நின்றார். அழித்தேன். முந்தைய முகாமில் எடுத்த படங்கள், மெஷ், எல்லாம். சமந்தவும் தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டு, பிளாஸ்டர் அச்சை மட்டும் ராத்தாவிடம் கொடுத்தார். அந்த அச்சு அடுத்த மாரி மழையில் வெடித்துப்போனதாம்.

மடச்சி

சிலிக்கன் காதும் தேயும். ஓரம் கிழியும், நிறம் வெளிறும். மூன்று வருடம் கழித்து ஒரு நாள் ராத்தா ஆள் அனுப்பினார். அப்போது அவர் வீட்டு முன்னறை தையற்கடை. பெண்களுக்கு மட்டும் தைப்பது, பெண்கள் மட்டும் வருவது. மூன்று மெஷின்களில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ராத்தா நடுமேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் காலுக்கு அடியில் பஞ்சு செருகியிருந்தார்.

"கிழிஞ்சு போச்சு புள்ள. அந்த ஃபைல எடுத்து இன்னொண்டு போடு. கொழும்புல புதுசா ஒரு பொம்புள வந்திரிக்காவாம் வார்க்க."

"எந்த ஃபைல் ராத்தா? அழிச்சாச்சே."

கத்தரிக்கோல் நின்றது. "மெய்யாவே அழிச்சிட்டியா?"

"நீங்கதானே பக்கத்துல நிண்டு அழிக்க வெச்சீங்க!"

"மடச்சி! ஒரு கொப்பியாவது ஒளிச்சு வெச்சிரிக்க ஏலாதா ஒனக்கு?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அண்டைக்கு நான் எவ்வளவு பெரிய வேலைய அழிச்சன் தெரியுமா உங்களுக்கு? இப்ப கொப்பி கேக்கிறீங்க!" என்று அந்தப் பெண்களுக்கு முன்னாலேயே சத்தம் போட்டேன். மெஷின்கள் மூன்றும் நின்றுவிட்டன.

ராத்தா எழுந்தார். உள் அறைக்குத்தான் போகிறார் என்று நானும் என் பையை எடுத்தேன். போகவில்லை. கதிரை ஒன்றை இழுத்து டியூப் லைட்டுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். பர்தாவை எடுத்தார். தொப்பியைக் கழற்றி வெட்டிய துணிகளுக்கு மேல் வைத்தார். காதையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

மெஷினில் இருந்த ஒரு பெண் சட்டென்று முகத்தைத் திருப்பினாள்.

"நீ ஏன் அங்கிட்டுப் பாக்கிறாய்?" என்றார் ராத்தா அவளிடம். "வந்து இந்த முடியத் தூக்கிப் பிடி. இவள் படம் எடுக்கட்டும்."